நல்ல தண்ணீர்த் தொட்டி

என் மனைவி அக்கம்பக்கத்தில் என்னை எண்ணெய் இன்ஜினியர் என்று சொல்லிவைத்திருக்கிறாள். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் எண்ணெயை நான் நான்கு முறைதான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் மூன்று முறை அது வரக்கூடாத வழியில் வந்தது. என் உத்தியோகம் சேறு. கிணறு தோண்டும்போது குழாய் வழியாக உள்ளே அனுப்பி, துளையின் ஓரமாக மேலே வரவழைக்கிற சேறு. அதைக் கரைப்பது, கெட்டியாக்குவது, இளக்குவது, எடை போடுவது, பிறகு அதற்கு ஒரு ஜாதகம் எழுதித் தினமும் காலையில் கிணற்றுக் கம்பெனியின் போர்ட் ஹார்க்கோர்ட் ஆபீசுக்கு அனுப்புவது, இவ்வளவுதான் நான்.

சேறு என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே வெட்டுப்படும் கல்தூளை அதுதான் மேலே சுமந்து வருகிறது. பம்பை நிறுத்தினால் கூழ் மாதிரி உறைந்து கல்தூளை விழவிடாமல் பிடித்துக்கொள்ளும். பம்பைப் போட்டால் மறுபடி இளகி ஓடும். துளையின் சுவரில் தோல் மாதிரி படிந்து சுவர் இடியாமல் காக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் கனத்தால் பூமிக்குள் இருக்கும் வாயுவை அமுக்கி வைத்திருக்கும். கனம் குறைந்தால் கிணறு நம் மேல் ஏறி வரும். கனம் கூடினால் பாறை பிளந்துகொண்டு சேற்றையெல்லாம் குடித்துவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் எங்கள் பிழைப்பு. எங்கள் ஆற்றுக் கழிப் பக்கத்துக் கிணறுகளில் அந்த இடுக்கு மிகச் சின்னது.

ஆகவே எண்கள் முக்கியம். ஆனால் எண்ணெய்க் கோபுரங்களில் எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஒருவன் சோம்பேறித்தனமாக நேற்றைய தாளைப் பார்த்து எழுதுவான். இன்னொருவன் கொஞ்சம் உழைப்பாளி, நேற்றைய எண்ணில் ஒரு புள்ளி கூட்டி எழுதுவான், உயிரோட்டமாக இருக்கட்டுமே என்று. ஆபீஸ் என்ன எண் கேட்டதோ அதுவே எல்லார் தாளிலும் விளையும். இந்தக் கூட்டத்துக்கு நடுவே, கண்ணால் பார்க்காத எண்ணை எழுதாதவன் என்று பெயர் வாங்கியவன் நான் ஒருவன்தான். பெயரைப் பிறர் கொடுக்கவில்லை. காலை ஆறு மணிக் கூட்டங்களில் நானே எனக்குக் கொடுத்துக்கொண்டது.

அந்த வருஷம் ஜனவரியில் ஓபுகிரிக் கழியில் ஒரு மிதவை மேல் நின்ற கோபுரத்தில் இருந்தோம். பாலைக்காற்று புழுதியைக் கொண்டுவந்து சூரியனையே வெள்ளைத் தட்டாக்கியிருந்தது. மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என் கையில் சேறு முரண்டு பிடித்தது. கரைக்கும் களிமண் தூள் ஊறவே மாட்டேன் என்றது, அரிசி வேகாத கஞ்சி மாதிரி அடியில் கிடந்தது. அதையே பழைய சேற்றில் கொட்டினால் திடீரென்று கட்டிதட்டிப் போனது. களிமண் மூட்டையில் கலப்படம் என்று ஆபீசுக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவது கடிதத்தில் விற்றவனுடைய குடும்பத்தையும் தொட்டிருந்தேன்.

எனக்கு அங்கே ஒரு தலைவலி இருந்தது. அவன் பெயர் இனாட்டிமி. டெரிக்மேன். குழாய் ஏற்றும்போது கோபுரத்தின் உச்சிப் பலகையில் நிற்பான். மற்ற நேரம் கீழே சேற்றுத் தொட்டிகள் அவன் காவல். மூட்டை பிரித்துக் கொட்டுவதும் அவன் ஆட்கள்தான். அரை மணிக்கு ஒரு தரம் சேற்றை எடைபோட்டுத் தொட்டிப் பக்கத்துத் தாளில் எழுதிவைக்க வேண்டும். பதினோரு வருஷமாக அந்த வேலை பார்க்கிறவன். எங்கள் ஊருக்கு இரண்டு வளைவு தள்ளி அவன் ஊர்.

பிரச்சினை இதுதான். என் தராசு கேலனுக்குப் பத்து பவுண்டு என்று காட்டும்போது அவன் தாளில் பத்து புள்ளி இரண்டு என்று இருக்கும். ஒரு நாள் அல்ல, தினமும்.

"இனாட்டிமி, உன் கண்ணுல கோளாறா, தராசுல கோளாறா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, ஓகா." எங்கள் பக்கத்தில் முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எந்தத் தண்ணிய வெச்சு சரிபார்த்த?"

சேற்றுத் தராசைச் சரிபார்ப்பது சின்ன வேலை. கிண்ணத்தில் நல்ல தண்ணீர் ஊற்றினால் எட்டு புள்ளி மூன்று மூன்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மறுமுனை மூடியைத் திருகி, உள்ளே இருக்கும் ஈயக் குண்டுகளில் ஒன்றிரண்டைக் கூட்டிக் குறைக்க வேண்டும். நான் ஒவ்வொரு ஞாயிறும் விதிப்படி, மேல்தளத்தில் 'நல்ல தண்ணீர்' என்று நீலத்தில் பெரிதாக எழுதிய தொட்டியின் குழாயில் பிடித்துச் சரிபார்ப்பேன். இனாட்டிமி சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாக்கெட் தண்ணீரை எடுத்துக் காட்டினான். லாகோஸ் முதல் எங்கள் கழி வரை எல்லாரும் மூலையைக் கடித்து உறிஞ்சுகிறோமே, அதே 'பியூர் வாட்டர்'.

"இதுலயா?" என்று நான் சிரித்த சிரிப்பில் தொட்டிப் பக்கம் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "யாரோ ஒருத்தி வீட்டுக் கொல்லையில நெரப்பின தண்ணி. அதை நம்பி எண்ணெய்க் கிணறு தோண்டறியா?"

"இதை நான் குடிக்கிறேன், ஓகா. அந்தத் தொட்டித் தண்ணிய நீங்க குடிப்பீங்களா?"

"அது குடிக்கிறதுக்கு இல்லடா, சேறு கரைக்கிறதுக்கு."

"நல்ல தண்ணின்னு எழுதியிருக்கே."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் ஆறு மணிக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். எதிரே எடாஃபே உட்கார்ந்திருந்தார். கிணறு யாருடையதோ அந்தக் கம்பெனியின் ஆள், அந்த மிதவையில் அவர் வார்த்தைதான் சட்டம். கசப்புக் கோலாக் கொட்டையை மென்றுகொண்டே எல்லாரையும் பார்ப்பார்.

"சார், தொட்டிப் பக்கத்துல ஒருத்தர் தினமும் கற்பனை எழுதறார்," என்றேன். "அளக்கத் தெரியலேன்னா சொல்லிடணும். நேத்து எழுதினதப் பார்த்து எழுதறவன் கையில கிணத்தக் குடுத்தா, கிணறு நம்மளப் பார்த்து எழுதும்."

பேச்சு எனக்கே பிடித்திருந்தது. எடாஃபே தலையாட்டினார். இனாட்டிமி கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அதற்குப் பிறகும் அவன் தாளில் பத்து புள்ளி இரண்டுதான்.

இரண்டாம் வாரம் கொஞ்சம் வாயுக் குமிழ் வந்தது. பயப்படும் அளவில் இல்லை. ஆனால் ஆபீசிலிருந்து கட்டளை வந்தது: கனத்தைப் பத்து புள்ளி மூன்றாக்கு. கனம் ஏற்றும் கல்மாவு மூட்டைகளைப் பிரிக்கச் சொன்னேன். நானே தொட்டிப் பக்கம் நின்று, என் தராசில் பத்து புள்ளி மூன்று வரும்வரை கொட்டவைத்தேன்.

"போதும், ஓகா," என்றான் இனாட்டிமி. "என்னோடதுல பத்தரை ஆயிடுச்சு."

"உன்னோடத கடல்ல போடு."

சாப்பாட்டு மணி அடித்து அரை மணி கழித்து கிணறு குடிக்க ஆரம்பித்தது. போகிற சேற்றில் பாதிதான் திரும்பி வந்தது. பிறகு கால்வாசி. இரண்டு மணிக்கு ஒன்றும் வரவில்லை. சேறு திரும்பும் வாய்க்கால் காய்ந்து, சல்லடைத் தட்டுகள் வெறுமனே குலுங்கிக்கொண்டிருந்தன. நானூறு பீப்பாய்ச் சேறு, நான் இரண்டு வாரம் பிள்ளை மாதிரி பார்த்த சேறு, எங்கேயோ ஒரு பிளவுக்குள் போய்விட்டது. விரிசலை அடைக்க மரத்தூள், பாசிப்பயறு அளவில் உடைத்த கொட்டை ஓடு, அபிரகச் சில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து அனுப்பினோம். கிணறு அதையும் வாங்கிக்கொண்டது. கடைசியில் கல்மாவு மூட்டை தீர்ந்துபோய், வேறு வழியில்லாமல் கனம் குறைந்த புதுச் சேறு கரைத்து ஊற்றினோம். உடனே நின்றுவிட்டது. எங்கள் திறமை கையிருப்போடு தீர்ந்த பிறகுதான் கிணறு குணமானது. அதிலிருந்து நான் ஏதாவது புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை.

யார் காரணம் என்ற கேள்வி மறுநாள் காலையிலேயே வந்தது. எடாஃபே இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எபிமோ, நீ பத்து புள்ளி மூணு எழுதியிருக்க. அவன் பத்தரை எழுதியிருக்கான். பத்து புள்ளி மூணுல இந்தப் பாறை பிளக்காது. பத்தரைல பிளக்கும். என்ன சொல்ற?"

பதில் எனக்குத் தயாராக இருந்தது. ரொம்பச் சுத்தமான, அறிவுக்குப் பொருத்தமான பதில்.

"நான் போன பிறகு அவன் கூட மூட்டை கொட்டியிருக்கான், சார். தன் தாள்ல எழுதினது நிஜமாகணும்னு."

இனாட்டிமியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "கொட்டல," என்றான். அதற்கு மேல் அவனை யாரும் கேட்கவில்லை. எடாஃபே வேலையாட்கள் பட்டியலை எடுத்து அவன் பெயருக்கு எதிரே இரண்டு வார்த்தை எழுதினார்: மீண்டும் தேவையில்லை. வியாழக்கிழமைப் படகில் அனுப்பச் சொன்னார்.

அந்த இரண்டு வார்த்தை என்ன செய்யும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பட்டியல் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போகும். எந்தக் கோபுரமும் அவனைக் கூப்பிடாது. இனாட்டிமியின் அண்ணனும் இதே வேலை பார்த்தவன்தான். அவன் பெயருக்கு எதிரேயும் ஒருநாள் அந்த வார்த்தைகள் விழுந்தன. பிழைக்க வழி இல்லாமல், கழிக்குள்ளே திருட்டுக் கச்சா எண்ணெய் காய்ச்சும் அடுப்புகளுக்குப் போனான். ஆறாவது மாதம் அடுப்பு வெடித்தது. அவனைச் சுருட்டி எடுத்துவந்த பாயை நான் பார்த்திருக்கிறேன். சாவுக்குப் போய் அந்த வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மீனும் வாழைக்காயும் சாப்பிட்டு வந்தவன் நான்.

இதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன். உண்மை என்று நம்பிச் சொன்னேன் என்பதை வேண்டுமானால் எனக்குச் சாதகமாக வைத்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை மத்தியானம் துணி வெளுக்கும் உடோம் என் அறைக் கதவைத் தட்டினான். இபிபியோ இனத்துக்காரன். சாதாரணமாக வாயைத் திறந்தால் பாட்டுத்தான் வரும். அன்று பாட்டு இல்லை. கையில் என் மேலாடை. கழுத்திலும் முழங்கையிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டு, விறைத்து, கருவாடு மாதிரி இருந்தது.

"மாஸ்டா, நான் சுமாரா வெளுக்கறேன்னு எம்மேல புகார் எழுதியிருக்கீங்களாமே?"

"பின்ன? இது துணியா, தகரமா? சோப்பு வாங்கற காசுல என்ன பண்ற?"

"மூணு சோப்பு மாத்திட்டேன். புது வருஷத்துலேருந்து ஒண்ணுலயும் நுரை வரல. எங்க அம்மா கடலோரம் துணி தொவச்சவ, எனக்கு இந்தக் கோடு தெரியும். இது அழுக்கு இல்ல, மாஸ்டா. உப்பு."

"எந்தத் தண்ணில தொவைக்கற?"

"உங்க தண்ணிதான். நல்ல தண்ணித் தொட்டி."

அவனை விலக்கிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினேன். குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து வாயில் வைத்தேன். நான் கழியில் பிறந்தவன். ஏழு வயதில் துடுப்பு பிடித்தவன். மழை நின்றதும் கடல் எவ்வளவு தூரம் உள்ளே ஏறி வரும் என்பதை எங்கள் ஊர்க் குழந்தைகளும் நாக்கால் சொல்லும். அந்தத் தண்ணீரை ஞாயிறுதோறும் கண்ணால் பார்த்தேன், கிண்ணத்தில் ஊற்றினேன், துடைத்தேன். நாக்கில் மட்டும் வைக்கவில்லை. இன்ஜினியர் ஆகிவிட்டேனே.

பிறகு கேட்டால் விஷயம் சாதாரணம். தண்ணீர்ப் படகுக்காரன் முன்பெல்லாம் இரண்டு மணி நேரம் மேலே போய் ஆற்றில் நிரப்பி வருவான். புது வருஷத்திலிருந்து பக்கத்து வளைவிலேயே நிரப்பிக்கொண்டிருந்தான். அங்கே வாழைப்பழம் வறுத்து விற்கும் ஒருத்தியோடு அவனுக்குப் பேச வேண்டியது நிறைய இருந்ததாம்.

உப்புத் தண்ணீர் கனம். அதை எட்டு புள்ளி மூன்று மூன்று என்று என் தராசுக்குப் பலவந்தமாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து அது எல்லாவற்றையும் புள்ளி இரண்டு குறைத்தே காட்டியது. களிமண் ஊறாததும் உப்பால்தான். மூட்டைக்காரன் யோக்கியன். கொல்லைப்புறத்தில் தண்ணீர் நிரப்பினவளும் யோக்கியமானவள். இனாட்டிமி எழுதிய ஒவ்வொரு எண்ணும் சரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையை எழுதியே பிரயோசனமில்லை. சேற்றில் உப்பு எவ்வளவு என்று தினமும் ஒரு சோதனை செய்ய வேண்டும். சின்னக் கண்ணாடிக் கிண்ணம், சொட்டுச் சொட்டாக விடும் வெள்ளி உப்புக் கரைசல், ஐந்து நிமிஷ வேலை. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி அந்தக் கரைசல் பாட்டில் தீர்ந்துபோனது. கேட்டு எழுதினேன், வரவில்லை. தாளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஆபீஸ் கேள்வி கேட்கும். கடைசியாக அளந்தது நானூறு. நானூறு என்றே எழுதினேன். மறுநாளும் நானூறு. தாளில் இருபத்துநான்கு கட்டங்கள் உண்டு. இருபத்துமூன்றை வியர்வை சிந்தி அளந்தேன். இந்த ஒன்றை மட்டும் நேற்றைப் பார்த்து எழுதினேன்.

சாயங்காலத்துக்குள் பாக்கெட் தண்ணீரில் தராசைச் சரிசெய்து, தொட்டி அடியில் மிச்சமிருந்த பழைய சேற்றை எடை போட்டேன். பத்தரை. கோபம்தான் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் தராசின் மூடியை மூன்று முறை திருகித் திருகி மூடினேன். பிறகு எடாஃபேயின் அறைக்குப் போனேன்.

முழுவதும் கேட்டார். மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப உப்புச் சோதனை? தினமும் நானூறு போட்டிருக்கியே?"

"பாட்டில் தீந்துபோச்சு, சார்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நீயா? நேத்தயத பார்த்து எழுதறவன் கையில கிணத்தக் குடுத்தான்னு ஒரு சொற்பொழிவு பண்ணினியே, அந்த நீயா?"

"நான்தான், சார். அதை எழுதித் தரேன். இனாட்டிமி பேரை அடிச்சுடுங்க."

சிரிப்பு நின்றது. "பதினஞ்சு தாள், எபிமோ. ஒவ்வொண்ணுலயும் உன் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்து. அவன் ஒருத்தன் போறதோட இது முடிஞ்சுபோச்சு. எதுக்குக் கிளர்ற? போய்த் தூங்கு."

எங்கள் சேற்றுக் கம்பெனி மேலாளரிடம் தொலைபேசியில் பேசினேன். அவர் என்னைவிட நல்ல தர்க்கம் வைத்திருந்தார். "டெரிக்மேன் தப்புன்னா அவனை வெச்சிருக்கிற கோபுரக் கம்பெனி தலையில விடியும். உன் தப்புன்னா நம்ம தலையில விடியும். உனக்குத் தலை ஒண்ணுதானே இருக்கு? வெச்சுக்கோ."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என் பெயருக்கு எதிரே அந்த வார்த்தைகள் விழுந்தால் என் வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆனால் கண்ணை மூடினால் அந்தப் பாய் வந்து நின்றது. உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். தண்ணீர், தராசு, பாட்டில், நானூறு, எதையும் விடவில்லை. இனாட்டிமியின் எல்லா எண்களும் சரி என்று தனி வரியில் எழுதி அடிக்கோடிட்டேன். அன்றைய அறிக்கையோடு சேர்த்து அனுப்பியும் விட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அனுப்பியதிலேயே பிழையில்லாத அறிக்கை அதுதான் என்று நினைக்கிறேன்.

வியாழன் காலை ஆபீசிலிருந்து பதில் வந்தது. இவ்வளவு சீக்கிரம் அவர்கள் எதற்கும் பதில் போட்டதில்லை. வெள்ளி உப்புக் கரைசல் கேட்டு எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. எடாஃபே கூட்டத்தில் வைத்துப் படித்தார். சேற்று இன்ஜினியர் தவறான எடை எழுதியதால் மீண்டும் தேவையில்லை. சரி, எதிர்பார்த்ததுதான். அடுத்த வரியைப் படிக்கும்போது அவர் குரலே கொஞ்சம் இறங்கியது. டெரிக்மேன் மேல் இருந்த பழைய குற்றச்சாட்டு நீக்கப்படுகிறது. ஆனால் சரியான எடை தெரிந்திருந்தும் அதை முறைப்படி மேலிடத்துக்குத் தெரிவிக்காததால், அவரும் மீண்டும் தேவையில்லை.

"தொட்டிப் பக்கத்துத் தாள்ல அரை மணிக்கு ஒரு தரம் எழுதினானே, சார்!" என்று கத்தினேன். "ஒரு நாளைக்கு இருபத்துநாலு தரம்!"

"அது தாள்," என்றார் எடாஃபே. "முறைன்னா கடிதம்." கோலாக் கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "மூணாவது வரியும் இருக்கு," என்று படித்தார். இனி இப்படி நடக்காமல் இருக்க, நல்ல தண்ணீர்த் தொட்டியில் எழுத்துகளை மறுபடி தெளிவாக வண்ணம் பூச வேண்டும்.

படகு பத்து மணிக்கு வந்தது. எனக்குப் பதில் வந்த புது இன்ஜினியர் அதிலிருந்து இறங்கினார். கையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன்: "தராசைத் தொட்டித் தண்ணில சரிபார்க்காதீங்க. பாக்கெட் தண்ணில பாருங்க. முதல்ல வாயில வெச்சுப் பாருங்க." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். துரத்தப்படுகிறவன் பேச்சு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்திருக்கும். "விதியில தொட்டித் தண்ணின்னுதான் இருக்கு, அண்ணே," என்று மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டார். மேலே உடோம் ஏணியில் நின்று நீல வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். எழுத்து அழகாகத்தான் வந்துகொண்டிருந்தது.

படகில் நானும் இனாட்டிமியும் மட்டும். பக்கத்துப் பக்கத்துப் பலகை. நான் மன்னிப்புக் கேட்டேன். எந்திரச் சத்தத்தில் விழவில்லையோ என்று மறுபடி உரக்கக் கேட்டேன்.

"மொதல் தடவையே கேட்டுச்சு," என்றான்.

பிறகு அவனாகவே பேசினான். இத்தனை வருஷம் நீங்கள் என்று சொன்னவன், அன்று நீ என்றான்.

"நீ எழுதினதப் படிச்சேன். ரேடியோ அறைப் பையன் காட்டினான். என் பேருக்குக் கீழ கோடெல்லாம் போட்டிருந்த."

"ஆமா."

"நல்லா இருந்துச்சு. கூட்டத்துல என்னைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அந்தத் தண்ணிய ஒரு வாய் நக்கிப் பார்த்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

பையிலிருந்து ஒரு பாக்கெட் தண்ணீர் எடுத்து, மூலையைக் கடித்துத் துப்பிவிட்டு என்னிடம் நீட்டினான். "குடி. எட்டு புள்ளி மூணு மூணு." வாங்கிக் குடித்தேன். பாதி சட்டையில் வழிந்தது.

மூன்றாவது வளைவு தாண்டியதும் இடது பக்கக் கழிவாயில் மாங்குரோவ் மரங்களுக்கு மேலே கறுப்புப் புகை தெரிந்தது. இரண்டு மூன்று இடத்தில் நேராக ஏறிக்கொண்டிருந்தது. அடுப்புகள். இனாட்டிமி எழுந்து படகுக்காரனைப் பார்த்துக் கையை உயர்த்தினான். படகு வேகம் குறைந்து கரையை ஒட்டியது.

அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன். "இங்க இறங்காத. உங்க அண்ணன் போன இடம் இது. உன் கால்ல விழறேன், இறங்காத."

"அப்ப எங்க போகட்டும்?" அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "நீ அளந்து சொல்லு, ஓகா. நீ சொல்ற நம்பரை இந்தத் தடவை நானும் அப்படியே எழுதிக்கறேன்."

என்னிடம் எண் இல்லை. அவன் காத்திருந்தான், உண்மையாகவே காத்திருந்தான், தராசின் மட்டக் குமிழ் நடுவுக்கு வரும்வரை காத்திருப்பதைப் போல. பிறகு வாரைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். மிச்சமிருந்த இரண்டு பாக்கெட் தண்ணீரை என் மடியில் போட்டான். முழங்கால் சேற்றில் இறங்கி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு, புகை வந்த பக்கம் நடந்தான்.

படகுக்காரன் எந்திரத்தை முடுக்கி, "இவர் ஊர் அடுத்த வளைவு இல்லையா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.